துருவில் பிறந்த நெருப்பு

இமாசலப் பிரதேசத்தின் ஜ்வாலாமுகி கோயிலுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “விறகு இல்லை, எண்ணெய் இல்லை, பாறை இடுக்கில் சுடர் நிற்கிறது. பூமிக்குள்ளிருந்து வாயு வருகிறது என்கிறார்கள். அந்த வாயு எப்படி உண்டாகிறது?”

எப்போதோ புதைந்த உயிர்களின் மிச்சம் ஆழத்தில் வெந்து எரிவாயு ஆகிறது என்பது வழக்கமான பதில். ‘அணையாத் தீ’ என்று பெயர் பெற்ற பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். துருக்கியில் ஒரு மலைக்கு மட்டும் அது பாதிப் பதில்தான். அந்த மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

அன்தாலியா மாகாணத்தில், மத்தியதரைக் கடலோரம், சிராலி என்ற சிற்றூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மலையடிவாரம். இருட்டிய பிறகு டார்ச்சோடு கல்படிகளில் ஏறுகிறார்கள். ஏறி முடித்தால் மொட்டைச் சரிவில் பாறை வெடிப்புகள்தோறும் சின்னச் சின்னத் தீ. சிலர் அதில் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் யனார்தாஷ், எரியும் கல்.

வரலாறும் உண்டு. கிரேக்கப் புராணத்தில் தீ கக்கும் கிமேரா என்ற விலங்கை இந்த இடத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி இந்தத் தீயைக் குறித்து வைத்தார். அது போதும். எனக்குப் பாறைதான் முக்கியம்.

இந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடித் தரையின் பகுதி. அதில் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைய, அதற்குள் இரும்பு. இரும்பு தோசைக்கல்லைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் காலையில் துரு பூத்திருக்கும். அதற்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் கிடைக்கிறது. மலைக்குள் காற்று ஏது? ஆகவே இரும்பு, ஊறி வந்த நீரிடமிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. தனியே விடப்பட்ட ஹைட்ரஜன் வாயுவாகக் கிளம்புகிறது.

தோசைக்கல்லை இன்னும் கீழே வைக்க மனமில்லை. துரு ஏறிய கல் பொருக்கு விட்டு உப்பும். பொருக்கு உதிர்ந்தால் அடியில் புது இரும்பு தெரியும். ஒலிவினும் அப்படித்தான். நீரைக் குடித்து செர்பென்டைன் என்ற வேறு கனிமமாக மாறும்போது பருத்துப் பாறையைப் பிளக்கிறது. பிளவு வழியே இன்னும் நீர் இறங்குகிறது. பாறை தனக்கான வாய்க்காலைத் தானே வெட்டிக்கொள்கிறது!

அடுத்து தோசை. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சேர்ந்தால் மீத்தேன். ஆய்வகத்தில் நிக்கல் வைத்து இதைச் செய்ய முன்னூறு டிகிரி போல வெப்பம் வேண்டும். யனார்தாஷின் அடியில் அவ்வளவு சூடு இல்லை. புதுக் கல்லில் தோசை எழாது, பழகிய கல்லில் சிறு தீயிலேயே எழும் அல்லவா? இந்தப் பாறையிலுள்ள குரோமைட் என்ற கனிமத்தில் துளித்துளியாக ருத்தேனியம் என்ற உலோகம் இருக்கிறது. அதுதான் பழகிய கல். மிகக் குறைந்த ருத்தேனியத்தை வைத்து, நூறு டிகிரிக்கும் கீழே மீத்தேன் உண்டாவதை எத்தியோப்பே, இயோனெஸ்கு ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். தோசை எழுந்து போகும், கல் அப்படியே இருக்கும், ருத்தேனியமும் தீர்ந்துபோவதில்லை. வெளிவரும் வாயுவில் சுமார் 87 விழுக்காடு மீத்தேன், ஏறக்குறையப் பத்து விழுக்காடு ஹைட்ரஜன். சாதாரண எரிவாயுக் கிணற்றில் இவ்வளவு ஹைட்ரஜனைப் பார்க்க முடியாது.

இதைக் காட்டித்தான் ‘பூமியே ஹைட்ரஜன் தயாரிக்கிறது, இனி எரிபொருள் கவலையில்லை’ என்று செய்திகள் வருகின்றன. நான் நம்பத் தயாரில்லை. மாலி நாட்டில் 1987இல் தண்ணீருக்குத் தோண்டிய கிணற்றில் ஹைட்ரஜன் வந்ததும், பிறகு அது ஒரு கிராமத்துக்கு மின்சாரம் தந்ததும் உண்மை. ஒரு கிராமத்துக்கு! சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களிலும் ஒலிவின் பாறை உண்டு. பாறை மட்டும் இருந்தால் ஆகாது. நீர் இறங்க வெடிப்பு வேண்டும், வாயு ஓடிவிடாமல் மேலே மூடியும் வேண்டும். யாராவது பங்கு விற்க வந்தால் இவற்றை முதலில் கேளுங்கள்.

‘அணையா’ என்ற சொல்லையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். அஜர்பைஜானின் பாகு நகருக்கு அருகே சுராகானியில் ஓர் அக்னிக் கோயில் இருக்கிறது. நம் நாட்டு வணிகர்கள் அங்கே வழிபட்டார்கள். தேவநாகரியிலும் குர்முகியிலும் கல்வெட்டுகள் உண்டு, ஜ்வாலாமுகியின் தேவியான ஜ்வாலாஜியின் பெயரும் அவற்றில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் வாயுவும் எடுத்துக்கொண்டே போனார்கள். 1969இல் அந்த இயற்கைத் தீ அணைந்தது. இப்போது அங்கே எரிவது குழாயில் கொண்டுவரும் எரிவாயு.