லெஃப்ட்ல திரும்பாதே மச்சி!

கூரியர் கம்பெனி டிரைவருக்கு முதலாளி என்ன சொல்வார்? 'சீக்கிரம் போ, பத்திரமா போ, பார்சலை உடைக்காதே!' இதைத்தானே? அமெரிக்காவின் யு.பி.எஸ். கம்பெனியில் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்... 'முடிஞ்ச வரைக்கும் லெஃப்ட்ல திரும்பாதே!'

ஜோசியம், வாஸ்து எல்லாம் இல்லை பாஸ். சுத்தமான இன்ஜினீயரிங்!

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும். அங்கே இடது பக்கம் திரும்புவது என்றால், நம்ம ஊரில் ரைட் டர்ன் எடுக்கிற மாதிரி. எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் போய்த் தொலையும் வரை நடுரோட்டில் காத்துக் கிடக்க வேண்டும். நிற்கிற வண்டியும் டீசல் குடிக்கும், புகை கக்கும், ஆனால், ஒரு அடி கூட நகராது. விபத்து ஆபத்து வேறு! அதனால், கொஞ்சம் சுற்றிப் போனாலும் பரவாயில்லை, வலது பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போ என்று 2004-ல் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கிவிட்டார்கள். 'மித் பஸ்டர்ஸ்' டி.வி. நிகழ்ச்சியில் இதை ஓட்டியே பார்த்தார்கள். தூரம் கூடியது, எரிபொருள் குறைந்தது!

இந்தக் கம்பெனி 1907-ல் சியாட்டில் நகரில் பிறந்தது. ஜிம் கேசி என்ற டீன் ஏஜ் பையன் 100 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தது. அப்போது டெலிவரி எல்லாம் நடந்தும் சைக்கிளிலும்தான்... புகையே கிடையாது! இன்றைக்குப் பல்லாயிரம் பிரவுன் கலர் வண்டிகள், சொந்த விமானங்கள் என்று வளர்ந்து நிற்கிறது. வண்டி கூடக்கூட புகையும் கூடுமே, என்ன செய்வது?

இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் விஷயம் வருகிறது. ஒரு டிரைவர் ஒரு நாளில் 120 வீடுகளுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு முதலில், எது அடுத்து? மொத்த வாய்ப்புகள் 120 ஃபேக்டோரியல். எழுதினால் 199 இலக்கம் வரும்! இன்றைய சூப்பர் கம்ப்யூட்டரைப் பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து ஓட விட்டிருந்தாலும், ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடித்திருக்காது. செமஸ்டர் பாடத்தில் 'டிராவலிங் சேல்ஸ்மேன் பிராப்ளம்' என்று வருமே, அதே தலைவலிதான்.

சரியான விடையைத் தேடாமல், 'போதுமான அளவு நல்ல' விடையைச் சட்டென்று தருகிற ஒரு சாஃப்ட்வேரை உருவாக்கினார்கள். பெயர் ஓரியன். ஆரம்பத்தில் டிரைவர்கள் முகம் சுளித்தார்கள். 'இருபது வருஷமா இந்த ஏரியாவுல ஓட்டுறேன், கம்ப்யூட்டர் எனக்கு வழி சொல்லுதா?' என்கிற கோபம் நியாயம்தானே! அப்புறம்தான், தினமும் தலைகீழாக மாறாமல், டிரைவருக்குப் பழகிய வழியையும் ஓரளவு ஒட்டிப் போகும்படி அதை மாற்றினார்கள். 2016-க்குள் அமெரிக்கா முழுக்க வந்துவிட்டது. வருஷத்துக்கு 10 கோடி மைல் ஓட்டம் மிச்சம், சுமார் 3.8 கோடி லிட்டர் எரிபொருள் மிச்சம், 1 லட்சம் டன் கார்பன் டை ஆக்ஸைடு குறைவு என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் துறையின் பெரிய பரிசான ஃபிரான்ஸ் எடல்மேன் விருதும் 2016-ல் கிடைத்தது.

அப்போ எல்லாம் பச்சைப் பசேல்தானா? அங்கேதான் ட்விஸ்ட்!

2020-ல் பிரிட்டனின் 'அரைவல்' கம்பெனியிடம் 10,000 எலெக்ட்ரிக் வேன் வாங்கப் போவதாக அறிவித்தார்கள். கடைசியில் வேன்கள் வரவில்லை. 2024-ல் அரைவலே திவாலாகி நின்றது. 2050-க்குள் நிகர கார்பனைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் சபதம் போட்டார்கள். ஆனால், கம்பெனியின் சொந்தப் புகையில் பாதிக்கு மேல் வருவது விமானங்களிலிருந்து. ஆகாயத்தில் லெஃப்ட் டர்ன் பிரச்னை ஏது? 'நாளைக்கே வேணும்' என்று நாம் அடிக்கிற ஒவ்வொரு க்ளிக்கும் பார்சலை லாரியிலிருந்து இறக்கி ஃபிளைட்டில் ஏற்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. மைல் கணக்கை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த அதே பிரவுன் வண்டிகளில், பெரும்பாலானவற்றில் ஏ.சி. கிடையாது. வெயிலில் வெந்த டிரைவர்கள் யூனியன் மூலம் போராடிய பிறகுதான், 2024 முதல் வாங்கும் புது வண்டிகளில் ஏ.சி. வேண்டும் என்று 2023 ஒப்பந்தத்தில் எழுதினார்கள்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? யு.பி.எஸ். இந்தியாவில் தன் முதல் டெக்னாலஜி சென்டரை 2023-ல் திறந்தது சென்னையில்! நாளைக்கு இந்த மாதிரி கோடை எழுதப் போவது நம்மில் யாராவதாகவும் இருக்கலாம். எதைக் குறைக்கச் சொல்கிறோமோ, அதை மட்டும்தான் கம்ப்யூட்டர் குறைக்கும். டீசலைக் குறை என்றால் டீசல் குறையும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரின் வியர்வையும் கணக்கில் வர வேண்டும் என்றால், அந்த வரியை நாமதான் எழுதணும் மக்களே!