கல்: ஒரு சொல்லின் கணக்கு

நான் மொழியியல் படித்தவன் அல்லன், மஞ்சள் வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். அப்பா பிழைப்புக்காக பம்பாய் வந்து மஸ்ஜித் பந்தரில் கடை போட்டார். இந்த மலரில் எழுதும் பேராசிரியப் பெருமக்கள் நடுவில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சொல் எங்கள் கடைக்கு ஒரு தடவை 2,700 ரூபாய் கணக்கு வைத்தது.

1984ஆம் வருஷம். அப்பா ஊருக்குப் போயிருந்தார், கல்லாவில் நான். ஈரோட்டு விரலி மஞ்சள் விலை தினமும் ஏறிக்கொண்டிருந்த சமயம். கான்பூரிலிருந்து வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் 30 குவிண்டால் கேட்டார். சரக்கு நாளைக்குத்தான் லாரி ஏறும் என்றேன். விலை? எனக்குத் தெரிந்த இந்தியில் "கல் கே பாவ் பர்" என்றேன். அவரும் "டீக் ஹை" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மறுநாள் பில் போட்டபோதுதான் வினை. 'கல்' என்று நான் சொன்னது நாளை விலையை. அவர் எடுத்துக்கொண்டது நேற்றைய விலையை. இரண்டுக்கும் நடுவே குவிண்டாலுக்கு 90 ரூபாய். அன்றைக்கு எங்கள் கடைப் பையன்கள் நாலு பேரின் ஒரு மாதச் சம்பளம் அது. அவர் என்னைப் பொய்யன் என்றார். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் ஒரு குஜராத்தி தலால் பெரியவர் வந்து, "நேத்தும் வேண்டாம், நாளையும் வேண்டாம், நீங்க பேசின அன்னிக்கு என்ன விலையோ அதைப் போடுங்க" என்று தீர்த்துவைத்தார். கான்பூர்க்காரர் பணத்தைக் கட்டினார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கடைப்படி ஏறவில்லை. அப்பா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டார். "நம்ம ஊர்ல கல்லுன்னா எடைக்கல்லு தம்பி, வச்ச இடத்துல நிக்கும். இங்க கல்லே ஆடுது. இனிமே தேதி போட்டு எழுது" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

ஒரே சொல் நேற்றும் நாளையும் ஆகலாமா என்று நம்மவர்கள் சிரிப்பதுண்டு. இந்திக்காரர்களுக்கு இதனால் தினசரிக் குழப்பம் எதுவும் இல்லை. "கல் ஆயா" என்றால் நேற்று வந்தான். "கல் ஆயேகா" என்றால் நாளை வருவான். வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். என் வாக்கியத்தில் வினை இல்லை, அதுதான் கோளாறு. அவர்களுடைய 'பர்ஸோ'ம் இப்படித்தான்: முந்தாநாளும் அதுவே, நாளை மறுநாளும் அதுவே. நாமும் ராத்திரி எட்டு மணிக்கு "காலையில வந்தேன்" என்றால் இன்று காலை, "காலையில வர்றேன்" என்றால் நாளைக் காலை. அதில் யாரும் தடுமாறுவதில்லையே! நம் 'முன்' என்ற சொல்லையே பாருங்கள். 'முன்னாள்' போன காலம். 'முன்னேற்றம்' போகிற திசை.

காலை என்று சும்மா சொல்லவில்லை. இந்தி 'கல்' என்பதற்கு மூலம் வடமொழியில் 'கல்ய' என்று அகராதிகள் சொல்கின்றன. பொருள் விடியற்காலை. பிராகிருதத்தில் அது 'கல்ல' என்று ஆகி நேற்றையும் நாளையையும் குறித்தது. இன்றைக்கு இந்தப் பக்கம் ஒரு விடியல், அந்தப் பக்கம் ஒரு விடியல். இரண்டுக்கும் ஒரே பெயர்.

நான் வெகுநாள் இதைக் 'காலம்' என்ற சொல்லோடு சேர்த்துத்தான் நினைத்திருந்தேன். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது புத்தகம் அல்ல, கடையில் கணக்கு எழுதிய மராட்டியப் பிள்ளை. மராட்டியில் நேற்றைக்கு 'கால்' (நாளைக்கு வேறு சொல், 'உத்யா', அவர்கள் பிழைத்தார்கள்). ஆனால் காலத்துக்கு அவன் சொன்னது 'காள்', நம் ளகரம். நம் காதுக்கு இது தப்புமா? வடமொழியில் ஒற்றை லகரமாக உயிர்களுக்கு நடுவே நின்றது மராட்டியில் ளகரமாகும். பிராகிருதத்தில் இரட்டித்த 'ல்ல' லகரமாகவே நிற்கும். காலம் என்பது 'கால', ஒற்றை, அதனால் காள். நேற்று என்பது 'கல்ல', இரட்டை, அதனால் கால். குஜராத்தியிலும் இதே கதை: 'கால்' நேற்று அல்லது நாளை, 'காள்' காலம். வங்காளியில் ளகரம் இல்லாததால் இரண்டும் 'கால்' என்றே ஒட்டிக்கொண்டன. கல்கத்தா உறவினர் வீட்டில் முதல் தடவை கேட்டபோது எதற்கு இவர்கள் மூச்சுக்கு மூச்சு காலைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

அதே வங்காளியில் 'கொல்' என்று சொல்லி 'கல்' என்று எழுதுகிற சொல் ஒன்று உண்டு. அது எந்திரம், வீட்டில் தண்ணீர்க் குழாய். சணல் ஆலை 'சட்கல்'. இந்தியிலும் எந்திரப் பொருளில் 'கல்' உண்டு. அதே மராட்டியப் பிள்ளை விளக்கு சுவிட்சை அழுத்துவதற்கு 'கள்' என்பான், ளகரத்தோடு. ஆக இதுவும் நேற்று-நாளைக்குச் சொந்தமில்லை. இதன் மூலம் 'கலா', தொழில்திறம். ஓட்டு எண்ணும் நாளில் மராட்டிப் பத்திரிகைகளில் 'கல்' என்று லகரத்தோடு வந்தால் யார் பக்கம் சாய்கிறது என்று பொருள். துருக்கியில் 'கல்' என்றால் 'இரு, தங்கு'. விடைபெற்றுப் போகிறவர் இருப்பவரிடம் சொல்லும் வாழ்த்தில் அந்தச் சொல் வருகிறது.

நம் கல்லுக்கு வருவோம். தோசைக்கல், செங்கல், எடைக்கல், மைல்கல், தோட்டில் பதித்த கல், அரிசியில் பொறுக்குகிற கல், மாண்டவனுக்கு நட்ட நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்தே இருக்கிறது. 'படி' என்ற பொருளில் வரும் 'கல்' வேறு, அதிலிருந்துதான் கல்வி. 'கல்லென்று' வரும் ஓசை இன்னொன்று. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் ல, ள பார்க்காமல் "கல்லு குடிக்கிறான்" என்கிறார்கள். தெலுங்கு நண்பர்களுக்கு அது சரிதான், அவர்களுக்குக் 'கல்லு' என்றால் கள்ளேதான்!

2003இல் எனக்குச் சிறுநீரகத்தில் கல். டாக்டர் எழுதிய சீட்டில் 'கால்குலஸ்' என்றிருந்தது. இலத்தீனில் கூழாங்கல்லாம், அதை வைத்து எண்ணியதால் கணக்குக்கும் அதே பெயராம். எனக்கு வலி மறந்துபோய்விட்டது. கல்லும் கால்குலஸும் ஒன்று, தமிழிலிருந்துதான் ரோமாபுரிக்குப் போயிற்று என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே பதினெட்டுப் பக்கம் எழுதிவிட்டேன்.

அதை ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "ஒரு சொல் ஒத்துப்போனா சாட்சி ஆகாது. கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். பிறகு பரோ, எமனோ இருவரின் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியைப் பிரித்துக் காட்டினார். கன்னடம் கல்லு, மலையாளம் கல்லு, துளு கல்லு என்று வரிசையாகப் போய்க் கடைசியில் பலூசிஸ்தானத்து பிராகுயி மொழி. அங்கே கல்லுக்கு 'கல்' போன்ற சொல்தான், ஆனால் முதலெழுத்து தொண்டையிலிருந்து வரும் 'ஹ'கரம் கலந்தது. நம் 'கண்'ணும் அங்கே அதே தொண்டை ஒலியோடு 'ஹன்' ஆகிறது. கல் மாறிய மாதிரியே கண்ணும் மாறியிருக்கிறது. இதுதான் கூட்டிவந்த சாட்சி. இலத்தீனுக்கு அப்படி ஒரு ஜோடி தேடிப் பாருங்கள் என்றார்.

ஆறு மாதம் தேடினேன். கிடைக்கவில்லை. பதினெட்டுப் பக்கமும் மேசை இழுப்பறையில், பழைய பில் புத்தகங்களோடு இருக்கிறது. 1984க்குப் பிறகு போட்ட பில்கள். ஒவ்வொன்றிலும் விலைக்குப் பக்கத்தில் தேதி இருக்கும்.