முள்ளில்லாத வண்டிக்கு ஒரு முள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று தில்லித் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020-இல் கொரோனா வந்த பிறகு நம்மவர்களில் பலர் சொந்தக் காரிலேயே கிளம்பிவிடுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூரு வழியாகச் சேலம் வரை ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். மே மாதத்தில் நாகபுரிப் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும். டயர், பிரேக், ஆயில் எல்லாம் பார்த்துவிட்டுப் புறப்படுகிறோம். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் வண்டியில் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

என்னுடையது 2014-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் வண்டி. அதில் அந்த முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, சூடு மிஞ்சினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும்.

எரியாமலே போவதும் உண்டு. எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் 2023 மே மாதம் ஊருக்குப் போகையில், ஜான்சிக்கு அப்பால் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, கூலண்ட் முழுவதும் ஒழுகிவிட்டது. விளக்கு எரியவில்லை. காரணம் எளிது. சூட்டை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். திரவமே இல்லாதபோது அது என்ன சொல்லும்? அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், வண்டி நின்றேவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி வேப்பமரத்தடியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சென்ற ஆண்டு 78 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு போகும் முறை எனக்கு வந்தபோது, முள்ளைப் பொருத்தாமல் கிளம்புவதில்லை என்று தீர்மானித்தேன்.

கஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைத்தெருவில் இரண்டு வகை கிடைத்தன. ஒன்று, மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவில் ஓர் அலுமினிய இணைப்பைச் செருகி, அதில் சென்சாரைத் திருகுவது. மற்றது, எஞ்சின் ஹெட்டில் உள்ள ஒரு போல்ட்டுக்கு அடியில் வளையம்போல் மாட்டுவது. பின்னது உலோகத்தின் சூட்டையே அளப்பதால், கூலண்ட் ஒழுகினாலும் பொய் சொல்லாது. அதனால் இரண்டையுமே வாங்கினேன். மிஸ்திரி சிரித்தார். "லைட் ஹை நா, சாப்!" என்றார். ஜான்சிக் கதையைச் சொன்னதும் ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறந்தோம். சூட்டோடு திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீய்ச்சும். வடித்த கூலண்டைப் பழைய டப்பாவில் பிடித்து மூடிவைக்க வேண்டும். அது தித்திக்கும் விஷம், தெருநாய் நக்கினால்கூடச் செத்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். இணைப்பு வாங்குமுன் ஹோஸின் உள்விட்டத்தை அளந்துகொள்வது நல்லது. வண்டிக்கு வண்டி மாறும்.

பலரும் தடுக்கி விழும் இடம் எர்த் கம்பி. ஒற்றைக் கம்பி சென்சாருக்கு அதன் உடலே எர்த். ஆனால் இணைப்போ இருபுறமும் ரப்பருக்கு நடுவில் தொங்குகிறது, மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. இணைப்பிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்தால்தான் முள் அசையும். சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைக் கணக்கில்லாமல் சுற்றினாலும் இதே தொல்லைதான்.

மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வருகிற இடத்திலிருந்து, தனியாகச் சிறு ஃபியூஸ் வைத்து எடுத்தோம். கம்பிகளைச் சைலன்சர் குழாய்ப் பக்கம் போகவிடாமல், எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டின் ரப்பர் துளை வழியாகவே உள்ளே கொண்டுவந்தோம். தகட்டின் விளிம்பில் உரசினால் ஒருநாள் ஷார்ட் ஆகும். பிறகு கூலண்டை நிரப்பி, ஹீட்டரை முழுதாக வைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினோம். காற்று தங்கினால் முள் தாறுமாறாக ஆடும்.

என் வண்டியின் கணக்கு இது. சமதளத்தில் ஓடும்போது 88 முதல் 92 டிகிரி. ஆசிரமச் சந்திப்பு நெரிசலில் 98 ஆகும், விசிறி ஓடியதும் இறங்கும். நூறைத் தாண்டினால் நீர் கொதித்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். மூடியின் அழுத்தமும் கூலண்டில் கலந்த கிளைக்காலும் கொதிநிலையை 120-க்கு மேல் தள்ளிவிடுகின்றன. இருந்தாலும் 105 ஆனால் ஏ.சி.யை அணைத்துவிடுவது, 110 ஆனால் ஓரங்கட்டுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டென்று ஏறினாலோ, கூலண்ட் முள் இறங்கி ஹெட் முள் மட்டும் ஏறினாலோ, யோசிக்காமல் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளின் பின்னால் ஊர்ந்தோம். முன் இருக்கையில் இருந்த அம்மா ஸ்கோர் சொல்வதுபோல், "நூத்தி நாலுடா, நூத்தி அஞ்சுடா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஏ.சி.யை அணைத்தேன். தருமபுரி வருவதற்குள் 93.

உத்தரவாதம் முடியாத புது வண்டியில் ஹோஸை வெட்டுவதை நான் சொல்லமாட்டேன், கம்பெனி கைவிரித்துவிடும். அவர்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சிறு கருவியைச் செருகி, செல்போனில் சூட்டைப் பார்க்கலாம். ஆனால் அது காட்டுவது கம்பெனி சென்சார் சொல்லும் கணக்கையே என்பதை மறந்துவிடக் கூடாது. வெட்டிப் பொருத்துபவர்கள் முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். என் வண்டியில் இரண்டுமே அரைச்சுற்று இறங்கின.