மாத்திரை விழுங்கப் பழகுதல்

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறுக்கு மருந்து எடுக்கும் குழந்தைகள் பலருக்கு மாத்திரையை விழுங்குவதே பெரும்பாடு. நாக்கில் வைத்ததும் ஓங்கரிக்கும். தண்ணீர் மட்டும் உள்ளே போகும், மாத்திரை வாயிலேயே கரைந்து கசக்கும். இது அடமல்ல. எதையும் நன்றாக மென்று தின்னச் சொல்லி வளர்க்கப்பட்ட குழந்தை, இதை மட்டும் மெல்லாமல் விழுங்க வேண்டியிருக்கிறது. மருந்து கொடுக்கும் நேரமோ பள்ளிக்குக் கிளம்பும் காலைப் பரபரப்பு. முந்தைய நாள் மருந்தின் வேலை முடிந்து, கவனம் மிகவும் சிதறிக் கிடக்கும் நேரமும் அதுதான்.

மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழகிய வழி. ஏடிஹெச்டி மருந்துகள் பலவற்றுக்கு அது ஆபத்தானது. அவற்றில் ஒன்றான மெத்தில்ஃபெனிடேட்டின் நீள்நேர மாத்திரைகள் மருந்தைச் சிறுகச் சிறுக வெளிவிடுபவை. சில வகைகள் 12 மணி நேரம் வரை வேலை செய்யும். பொடித்தால் அன்றைய மருந்து முழுவதும் ஒரேயடியாக உடலில் சேரும். படபடப்பு கூடும், பிற்பகலுக்கு எதுவும் மிஞ்சாது. இன்னொரு ஏடிஹெச்டி மருந்தான அட்டோமாக்ஸெட்டின் கேப்ஸ்யூலையும் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும். மாறாக, சிறுமணிகள் நிரம்பிய சில கேப்ஸ்யூல்களைத் திறந்து, ஆறிய மென்மையான உணவின் மேல் தூவி, மணிகளை மெல்லாமல் உடனே விழுங்கலாம். எது எந்த வகை என்பதை மருத்துவரோ மருந்தாளுநரோதான் சொல்ல வேண்டும்.

விழுங்குவது ஒரு திறமை, பழகினால் வரும். பயிற்சிக்கு மருந்து வேண்டாம், மிட்டாய் போதும். விடுமுறை நாளில், குழந்தை அமைதியாக இருக்கும்போது, நிமிர்ந்து உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் அருகிலேயே இருந்து பழக்க வேண்டும். முதலில் கேக் மேல் தூவும் சர்க்கரை மணி, அடுத்து சோம்பு மிட்டாய், பிறகு டிக் டாக் மிட்டாய். ஓர் அளவு சிரமமில்லாமல் இறங்கிய பிறகே அடுத்தது. தடுமாறினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, அது இறங்கியதும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் போதும். கெஞ்சலும் மிரட்டலும் பயத்தைத்தான் வளர்க்கும்.

தலையின் நிலையும் முக்கியம். அண்ணாந்து தண்ணீர் குடித்துப் பழகிய பிள்ளை மாத்திரைக்கும் அண்ணாந்துகொள்ளும். கேப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும் என்பதால், அண்ணாந்தால் அது உதட்டுப் பக்கம் வந்துவிடும். ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்து, முகவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்தால் கேப்ஸ்யூல் தொண்டைப் பக்கம் நகரும். அப்போது விழுங்க வேண்டும். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்கள் பெரும்பாலோருக்கு இந்த முறை கேப்ஸ்யூல் விழுங்குவதை எளிதாக்கியது.

பயிற்சிக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் மாற்று வடிவம் கேட்கலாம். அமெரிக்காவில் மெத்தில்ஃபெனிடேட் திரவமாகவும், மெல்லும் மாத்திரையாகவும், தோலில் ஒட்டும் பட்டையாகவும் வந்திருக்கிறது. சாப்பாடே அடிக்கடி தொண்டையில் சிக்கி இருமல் வரும் குழந்தைக்கு மிட்டாய்ப் பயிற்சி வேண்டாம். முதலில் மருத்துவர் தொண்டையைப் பார்க்க வேண்டும். குழந்தை மருந்தைத் துப்பிவிட்டால், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. மருத்துவரைக் கேட்காமல் இன்னொரு மாத்திரை கொடுக்கக் கூடாது.