தசைநாண் வலிக்கு அல்ட்ராசவுண்ட்: ஒலியை நிறுத்திவிட்டுச் செய்த சோதனைகள்

தோள் வலி, முழங்கை வலி என்று பிசியோதெரபிக்குப் போனவர்களுக்கு அந்தக் கருவி பழக்கமானதுதான். வலிக்கும் இடத்தில் ஜெல் தடவி, வட்டத் தலை கொண்ட கைப்பிடியைச் சில நிமிடங்கள் சுழற்றித் தேய்ப்பார்கள். விநாடிக்கு 10 லட்சம் முதல் 30 லட்சம் முறை அதிரும் அந்த ஒலி காதுக்குக் கேட்காது. திசு சூடாகி, ரத்த ஓட்டம் கூடி, தசைநாண் ஆறும் என்பது நம்பிக்கை.

இதைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 'டென்னிஸ் எல்போ' எனும் முழங்கை வலி பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே தணிந்துவிடும். தணித்தது கருவியா, காலமா? நல்லவேளையாக, இந்த ஒலி பெரும்பாலும் உடலில் உணரப்படுவதில்லை. விளக்கு எரியவிட்டு ஒலியை மட்டும் நிறுத்தினால், நோயாளியால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படி முழங்கை வலியுள்ள 76 பேரிடம் நடந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 1985இல் வெளியானது. ஒலி பெற்றவர்களில் 63 சதவீதத்தினர் தேறினர். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 29 சதவீதத்தினர். நம்பிக்கை தந்த முடிவுதான். ஆனால் பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் அந்த வேறுபாடு தென்படவில்லை. வலி, தசை-மூட்டுக் காயங்கள் ஆகியவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் தரப்பட்ட 35 சோதனைகளை 2001இல் ஒரு மீளாய்வு அலசியது. முறையாக நடந்தவை என்று அது ஏற்றவை 10 மட்டுமே. அவற்றில் எட்டு, போலியைவிட மேல் என்று சொல்லவில்லை.

மீதி இரண்டில் ஒன்று வியன்னாவில் நடந்தது; 1999இல் வெளியானது. தோள் தசைநாணில் சுண்ணாம்பு படிந்த 54 பேருக்கு, 15 நிமிடம் வீதம் 24 முறை சிகிச்சை. ஒன்பது மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது, ஒலி பெற்ற தோள்களில் 42 சதவீதத்தில் படிவு முற்றிலும் மறைந்திருந்தது. போலிச் சிகிச்சையில் 8 சதவீதம்தான். வலியும் சிகிச்சை முடிந்த கையோடு நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் ஒன்பதாவது மாதத்தில் வலியைப் பொறுத்தவரை இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. படிவு கரைவது வேறு, வலி தீர்வது வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை அரிது.

முழங்கால் தசைநாண் வலிக்கு 2008இல் வெளியான ஆய்வில், 37 பேரும் 12 வாரம் உடற்பயிற்சி செய்தனர். சிலருக்குக் குறைந்த வீச்சு ஒலி, மற்றவர்களுக்குப் போலிக் கருவி. இரு தரப்புக்கும் வலி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்.

எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் படிவு இல்லையென்றால், கருவிக்குச் செலவாகும் நிமிடங்களைப் பயிற்சி கற்றுத்தரக் கேட்டு வாங்குவதே நோயாளிக்கு லாபம்.