பதினாறுக்கு எதிரே பத்து

என் அண்ணன் மகன் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறான். விடிகாலை ரயிலில் குப்பத்திலிருந்து போய் ராத்திரி திரும்புகிறவன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாஸ்டிக் உறை போட்ட உள்ளங்கை அகல அட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கட்டங்கள்.

"அத்தை, நீ மண்டியில கணக்கு எழுதுறவ. இத வெச்சு ஆடினா ஜெயிக்கலாமான்னு பார்த்துச் சொல்லு."

நண்பர்களோடு கோவா போகிறானாம். பணஜியில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கசினோ கப்பலில் பிளாக்ஜாக் ஆடப்போகிறார்களாம்.

சீட்டுக்கட்டைக் கண்டாலே எனக்கு வயிறு கலங்கும். அப்பா பொங்கலுக்குப் பொங்கல் மங்காத்தாவில் உட்காருவார். ஒரு வருஷம் உழவு மாடு இரண்டும் போயின. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் காலித் தொழுவத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பையனைத் திட்டி அனுப்ப மனம் வரவில்லை. அவன் கேட்டது கணக்கு. மூன்று ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், நானே அவனுக்குச் சீட்டுப் போட்டேன்.

மங்காத்தாவில் உள்ளேயா வெளியேயா என்று பணத்தை வைத்துவிட்டால் அப்புறம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிளாக்ஜாக்கில் அப்படி இல்லை. நம் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், கசினோக்காரரின் தொகையை மிஞ்ச வேண்டும். அவருடைய ஒரு சீட்டு நமக்குத் தெரியும். அதைப் பார்த்து, இன்னொரு சீட்டு கேட்கலாம், நிற்கலாம், பந்தயத்தை இரட்டிக்கலாம், ஜோடியாக வந்தால் பிரித்து ஆடலாம். எந்தக் கைக்கு எது சரி என்பதைத்தான் அட்டை சொல்கிறது.

அட்டையில் பொய் இல்லை. 1956-இல் பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டர்மாட் என்று அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கையாகக் கணக்குப் போட்டு, புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இன்றைய அட்டை அந்த வழியில் வந்தது. கசினோக்காரரிடம் 6 தெரிந்தால் நம்மிடம் வெறும் 13 இருந்தாலும் நிற்கச் சொல்லும். நூற்றுக்குச் சுமார் 42 தடவை அவர் 21-ஐத் தாண்டிவிடுவார். இன்ஷூரன்ஸ் என்ற பக்கப் பந்தயத்தை எடுக்கவே வேண்டாம் என்னும். அதையும் போட்டுப் பார்த்தேன்: 13 முறை வைத்தால் 4 முறை இரண்டு பங்கு வரும், 9 முறை வைத்தது போகும். 8 வந்து 9 போகிற வியாபாரம்.

அப்படியானால் கசினோவுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? நாம் முதலில் ஆட வேண்டும் என்பதில். நாம் 21-ஐத் தாண்டினால் பணம் அந்த நிமிஷமே போய்விடும்; பிறகு அவரும் தாண்டினால்கூடத் திரும்பி வராது. மண்டியில் தக்காளி என்ன விலைக்குப் போனாலும் கமிஷன் தனியாக நிற்குமே, அதே போல. மனம்போன போக்கில் ஆடுகிறவரிடம் இந்தக் கமிஷன் சுமார் 2 சதவீதம். அட்டைப்படி பிசகாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில், சுமார் அரை சதவீதம்.

கைக்கு 500 ரூபாய், மணிக்கு 60 கை என்றால் பந்தயத்தில் 30,000 ரூபாய் புரளும். அட்டைக்காரனுக்குச் சராசரி நஷ்டம் 150, மற்றவனுக்கு 600. உதவி இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மணி நேர ஆட்டத்தில் நாலாயிரத்து ஐந்நூறு மேலேயோ கீழேயோ போவது சர்வசாதாரணம். அந்த அலையில் 150 கண்ணில் படாது. மேலே வந்தவன் அட்டை ஜெயிக்க வைத்தது என்று ஊரெல்லாம் சொல்வான்.

விதிகளையும் பார்க்க வேண்டும். ஏஸும் பத்தும் சேர்ந்து வந்தால் 500-க்கு 750 தருவது பழைய வழக்கம். சில மேசைகளில் 600-தான். சுமார் 21 கைக்கு ஒரு முறை இந்தக் கை வரும். அதில் 150 குறைந்தால், எல்லாக் கைக்கும் பங்கு போட்டு, கமிஷன் ஒன்றேகால் சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். எந்த அட்டையும் அதை ஈடுகட்டாது.

இரண்டாம் ராத்திரி பையன், "அட்டை பாடமாயிடுச்சு அத்தை, இனிமே 2,000 வெச்சு ஆடலாம்" என்றான். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். 2,000 வைத்து ஆறு மணி நேரம் ஆடினால் 7,20,000 புரளும். அரை சதவீதம் 3,600. ஒன்றும் தெரியாதவன் 500 வைத்து இரண்டு மணி நேரத்தில் எழுந்துபோனால் 1,200-தான். தெரிந்தவன் மூன்று மடங்கு கொடுக்கிறான். அட்டை கொடுக்கும் தைரியத்துக்கு யாரும் கட்டம் போட்டு விலை எழுதவில்லை.

கசினோவை நிஜமாகவே மிஞ்ச வழி கண்டவர் எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர். இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்து, கட்டில் பத்தும் ஏஸும் மிஞ்சியிருக்கும்போது மட்டும் பெரிதாக வைக்கிற முறை. 1962-இல் புத்தகமாகவே எழுதினார். கசினோக்கள் சும்மா இருக்கவில்லை. பல கட்டுகளைச் சேர்த்தன, பாதியிலேயே கலைத்தன, எண்ணுகிறவர்களை வெளியே அனுப்பின.

நம் நாட்டில் அதற்கும் முன்னால் வரி நிற்கிறது. 2023 அக்டோபர் முதல் கசினோவில் சிப் வாங்கும் முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி. 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 40 ஆயிற்று. ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி; தோற்றதை அதில் கழிக்க முடியாது. செல்போனில் பணம் வைத்து ஆடுவதை 2025 ஆகஸ்ட் சட்டம் அடியோடு தடுத்துவிட்டது. ஆந்திராவில் 2020-லேயே தடை வந்தது.

கடைசி ராத்திரி அவனுக்கு 16 வந்தது. என் பக்கம் பத்து. நின்றாலும் கேட்டாலும் நூற்றில் எழுபதுக்கு மேல் தோற்கிற கை அது. அட்டை கேட்கச் சொல்கிறது. கேட்டான். ராணி வந்தது.

"சரியாத்தானே ஆடினேன்?"

"சரியாத்தான் ஆடின" என்று சொல்லிவிட்டு, அவன் கணக்கில் 500 கழித்து எழுதினேன்.