ஓடைக்கரையும் வயல் நீரும்

நுவரெலியா, அட்டன் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களினூடே எண்ணற்ற சிற்றோடைகள் பாய்கின்றன. நீர் விளிம்பு வரையில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டுள்ள இடங்களில், பெருமழை பெய்ததும் ஓடை கலங்கி ஓடுவதைக் கமக்காரர் அறிவர். அவ்வாறு கலங்கிச் செல்வது, பசளையிட்டுப் பண்படுத்திய மேல்மண்ணேயாகும்.

அம்மண் நெடுந்தூரம் செல்கின்றது. நானு ஓயா கொத்மலை ஓயாவிலும், அது மகாவலியிலும் கலக்கின்றன. மகாவலி நீரை வறண்ட பிரதேச வயல்களுக்குத் திருப்பும் பொல்கொல்லை அணை 1976இல் இயங்கத் தொடங்கியது. 1988க்குள் அந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதி வண்டலால் தூர்ந்தது. மலையில் மரக்கறிச் செய்கையாளர் இழக்கும் மண், கீழே நெற்செய்கையாளரின் நீரைக் குறைக்கின்றது.

இவ்வாபத்து புதிதன்று. கோப்பிச் செய்கைக்காகக் காடுகள் அழிக்கப்பட்ட காலத்தில், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதெனத் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் நிறைவேறியது. எனினும், கரையைப் பிடித்து நிறுத்துவன வேர்களேயாம்.

கரையைத் திருத்தும் முறை வருமாறு:

1. பாத்திகளிலிருந்து வரும் கான்களை நேரே ஓடையில் விடாது, வண்டற் குழியில் முடித்தல் வேண்டும். குழியில் தங்கிய மண்ணை மீண்டும் பாத்தியில் இடலாம்.

2. கரையோரம் ஒரு பட்டி நிலத்தைக் கொத்தாது விடுதல் வேண்டும். களைகளை ஒரே தடவையில் பிடுங்கினால் வெறுங்கரை மழையிற் சரியும். ஆதலால் நடுகுழியைச் சுற்றி மட்டும் களைதல் நன்று.

3. நீர் விளிம்பில் குட்டை மலைமூங்கிலும் மரப்பன்னமும், அடுத்து குறிஞ்சி இனச் செடிகளும், மேற்புறத்தில் மலைநாவலும் காட்டுச் சண்பகமும் நடலாம். அண்மையிலுள்ள காட்டோடையில் இயல்பாக வளர்வனவே அவ்விடத்துக்கு ஏற்றவை. விரைந்து வளரும் யூகலிப்டஸ் நீரை மிகுதியாக உறிஞ்சுமாதலால் தவிர்க்கத்தக்கது.

4. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நடுதல் நன்று. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழுமாதலால், இளங்கன்றுகளை மாலையில் மூடிக் காத்தல் வேண்டும்.

கரையோரத்து இரு பாத்திகளை விட்டுக்கொடுப்பது நட்டமெனத் தோன்றலாம். ஆயின், வேரற்ற கரையை ஓடை ஆண்டுதோறும் அரித்து, அப்பாத்திகளைத் தானே கொண்டுபோய்விடும். வேரூன்றிய கரையோ எஞ்சிய நிலத்தைக் காப்பதுடன், பசளையும் கிருமிநாசினியும் நீரிற் கலப்பதையும் குறைக்கும்.

ஒருவர் கரை கட்ட, மேலேயுள்ளவர் கொத்திவிட்டால் பயனில்லை. ஓர் ஓடையின் இரு மருங்கிலுமுள்ள கமக்காரர் விவசாயப் போதனாசிரியரைக் கலந்து, ஒருங்கே இப்பணியைத் தொடங்குவாராயின் மண்ணும் நீரும் நிலைபெறும்.